அஃப்னான் பேசிய பதினோரு நிமிடம்

அஃப்னானுக்குத் திக்குவாய். மண்ணைப் பற்றி அவளுக்குத் தெரியாதது இல்லை. அதைச் சொல்லி முடிக்கத்தான் நேரமாகும். மின்யத் சிராஜ் விவசாயக் கல்லூரியில் மூன்று வருடமும் அவள்தான் முதல். நான்காவதிலும் முதலாக வந்தால் கல்லூரியே துணை விரிவுரையாளராக எடுத்துக்கொள்ளும். எங்கள் எகிப்தில் அது சாகும்வரை யாரும் அசைக்க முடியாத நாற்காலி. மதகுக் காவலாளியான அவள் அப்பா, சந்தோஷத்தில் தெருவுக்கே சர்பத் ஊற்றாததுதான் பாக்கி.

அந்த வருடம் பார்த்து மேடைப்பேச்சு வகுப்பு கட்டாயமானது. பட்டதாரிப் பிள்ளைகள் நேர்காணலில் பேந்தப் பேந்த விழிக்கின்றன, கட்டாயமாக்குங்கள் என்று பத்திரிகையில் எழுதியவர்களில் நானும் உண்டு. இன்றுவரை வாபஸ் வாங்கவில்லை. வெட்கம் வேறு, கருத்து வேறு.

பாடம் எடுத்தவர் டாக்டர் ஷவ்கத். தாமே எழுதிய புத்தகத்தை, தலை நிமிராமல், முந்நூறு பேருக்கு வாசிப்பார். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘இங்கே அவையினர் சிரிப்பர்’ என்று அச்சாகியிருக்கும், அதையும் வாசிப்பார். பிள்ளைகள் சிரித்துவிட்டு அடிக்கோடு போடுவார்கள், பரீட்சையில் வந்தாலும் வரும். எழுத்துத் தேர்வில் வந்தது: ‘சரளமாகப் பேசுவதற்கான ஏழு நிபந்தனைகளை எழுதுக.’ அஃப்னான் ஏழையும் எழுதி முழு மதிப்பெண் வாங்கினாள்.

மிச்சம் இருபது மதிப்பெண் வாய்மொழித் தேர்வுக்கு. முந்நூறு பேரையும் யார் கேட்பது? பெயரைச் சொன்னவனுக்குப் பதினைந்து, கூடவே சலாமும் சொன்னவனுக்குப் பதினாறு. முதலிடத்துக்குப் போட்டியிட்ட இருவருக்கு மட்டும் ஆளுக்கு ஐந்து நிமிடம். ஒருத்தி அஃப்னான். மற்றவன் ஹாஸிம், டாக்டர் ஷவ்கத்தின் மனைவிக்குத் தங்கை மகன். புறம்பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஊருக்கே தெரிந்ததை நான் ஒருவன் மறைப்பானேன்?

ஹாஸிம் ‘இளைஞரும் எதிர்காலமும்’ பற்றி மூச்சு விடாமல் பேசினான். என்ன பேசினான் என்று கேட்டிருந்தவர்களிடம் விசாரித்தேன். நன்றாகப் பேசினான் என்றார்கள். இருபதுக்கு இருபது.

“வாம்மா அஃப்னான். என்ன தலைப்பு?”

“உ... உ... உப்பு...”

“உப்பு விலை! நல்ல தலைப்பும்மா.”

“இல்ல டாக்டர். உப்பு ஏ... ஏறின ம... ம...”

“மனசு!” என்றார். அரங்கம் சிரித்தது. இந்தச் சிரிப்பு எந்தப் பக்கத்திலும் அச்சாகவில்லை.

“மண்ணு” என்று அவள் சொல்லி முடித்தபோது இரண்டு நிமிடம் போயிருந்தது. மீதி மூன்றிலும் அவள் தொடங்கிய ஒவ்வொரு வாக்கியத்தையும் அவரே முடித்துவைத்தார். கடைசியில், “பாதிக்கு மேல நான்தானேம்மா பேசினேன்? அந்த மார்க்கு எனக்கு” என்று சொல்லி எட்டு போட்டார். அந்த எட்டால், ஒன்றரை மதிப்பெண் வித்தியாசத்தில், அஃப்னான் இரண்டாமிடம்.

மாணவர் அலுவலக ஜன்னலில் மேடம் இன்ஸாஃப் பருப்புவடை ரொட்டியைக் கடித்தபடி மனுவை வாங்கினாள்.

“மறுகூட்டல் மட்டும்தான் கண்ணு. திரும்பத் திருத்துறது கெடையாது.”

“பே... பேச்சுல எ... எதக் கூட்டுவீங்க, மேடம்?”

இன்ஸாஃப் மெல்வதை நிறுத்தி, கேள்வி முடியும்வரை காத்திருந்தாள். “கூட்ட ஒண்ணுமில்லதான். இருந்தாலும் மூணு பேர் கூட்டிப் பாத்துக் கையெழுத்துப் போடுவாங்க.”

போட்டார்கள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: கூட்டலில் பிழையில்லை.

அஃப்னான் விடவில்லை. கல்லூரித் தலைவருக்கு நான்கு பக்கம் எழுதினாள். எழுதியதைப் படிக்கிற மனிதர் இல்லை அவர். “பேராசிரியர் மன்றத்துக்கு வந்து வாயால சொல்லட்டும்” என்றார்.

அவள் போன நேரம், யாருக்கோ பேரன் பிறந்ததற்காக மன்றத்தில் தேநீரும் பஸ்பூசாவும் வந்திருந்தன. ரவையும் நெய்யும் பாகும் சேர்ந்த அந்தப் பலகாரத்தை வாயில் வைத்துக்கொண்டு யாரும் பேச முடியாது. ஏழு பேராசிரியர்கள், ஷவ்கத் உட்பட, மென்றுகொண்டிருந்தார்கள். எனவே அஃப்னானின் வாக்கியங்களை முடித்துவைக்க ஆள் இல்லை. பதினோரு நிமிடம் பேசினாள். திக்கினாள், நின்றாள், மறுபடி தொடங்கினாள். ஹாஸிமுக்கு இருபது, தனக்கு எட்டு ஏன் என்று கேட்டாள். உப்பேறிய மண்ணைப் பற்றி அன்று சொல்ல விடாததையும் முழுக்கச் சொன்னாள். ஒரு வார்த்தை மிச்சமில்லை.

தலைவர் விரலைத் துடைத்துக்கொண்டார்.

“மாஷா அல்லாஹ்! எவ்வளவு கோர்வையா பேசுற மகளே! நீ வாயே தொறக்க மாட்டேன்னுல்ல சொன்னாங்க? யோவ் ஷவ்கத், உன் வகுப்பு வேலை செய்யுதுய்யா!”

“எல்லாம் உங்க ஆதரவு” என்றார் ஷவ்கத்.

“நா... நான் கே... கேட்டது மார்க்கு...”

“பேச்சே வந்தாச்சு, இன்னும் மார்க்கு எதுக்கும்மா? பஸ்பூசா எடுத்துக்கோ.”

மன்றக் குறிப்பைப் பிறகு எனக்கு ஒருவர் காட்டினார். ‘வகுப்பின் பயனை மாணவி நேரில் பேசி நிரூபித்தார். மனு முடித்துவைக்கப்பட்டது. வரும் ஆண்டிலிருந்து இவ்வகுப்பு நான்கு வருடமும் கட்டாயம்.’ அதற்குக் கீழே, வேறு மையில், ஹாஸிமின் நியமனம்.

அஃப்னான் இப்போது ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் மண் பரிசோதிக்கிறாள். விவசாயிகள் பையில் மண்ணைக் கட்டிக் கொண்டுவருகிறார்கள். “என்ன வெதைக்கலாம், இஞ்சினியரம்மா?” என்று கேட்கிறார்கள்; எங்கள் ஊரில் விவசாயம் படித்தவர்களும் இஞ்சினியர்தான். அவள் சீட்டில் எழுதி நீட்டுகிறாள். எழுத்துத் தெரியாதவர்கள் அதை மடித்து வைத்துக்கொண்டு, படித்துச் சொல்ல ஆள் தேடி வெளியே போகிறார்கள்.