மருதாணி அழிந்ததும் வரச் சொன்னார்கள்

“நேத்தே எங்கயும் காட்டலையாம்மா?” என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். காட்டினோம். அங்கே கொடுத்த சீட்டு என் கையிலேயே இருந்தது. அதை மட்டும் நீட்டினேன்; அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்லவில்லை.

என் பெரியம்மா அம்சத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. திருவையாற்றுப் பக்கம் எங்கள் ஊர் நடவு ஆட்களுக்கு அவர்தான் தலைவி. எந்த வயலுக்கு எத்தனை பேர் என்று வரப்பில் நின்று சொல்லிவிட்டு, முதல் ஆளாக இறங்குவார். யாராவது நாற்றை நெருக்கி நட்டால், “கல்யாணப் பந்தியாடி இது, இடிச்சுக்கிட்டு உக்கார?” என்பார். நடவு தொடங்கினால் கைவிரல், கால்விரல் எல்லாம் மருதாணிதான். சேற்றில் நகக்கண் புண்ணாகாமல் இருக்க எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் வைப்பதுதான். பெரியம்மாவுக்கு நகம் கறுத்தே போகும்.

இந்த ஐப்பசியில் நாலு நாள் காய்ச்சலோடு நட்டார். ஐந்தாம் நாள் மூச்சு வாங்கியது. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். எங்களுக்கு முன்னால் ஒரு ரிட்டயர்டு டீச்சர், அதே இருமல். விரலில் கிளிப் மாதிரி மிஷினை மாட்டி ஆக்சிஜன் பார்த்தார்கள். தொண்ணூற்று மூன்று. “எதுக்கும் எக்ஸ்ரே எடுத்துரலாம் டீச்சர்” என்று சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்து பெரியம்மா விரல். எண்பத்து நாலு.

நர்ஸ் மிஷினைத் தட்டினார். பிறகு நகத்தைப் பார்த்தார்.

“மருதாணி வச்சா இது தப்பாத்தான் காட்டும். அழிஞ்சதும் வாங்க, பாக்கலாம்.”

“அது அழியறதுக்குள்ள நானே அழிஞ்சிருவேன்மா” என்றார் பெரியம்மா. நர்ஸ் சிரித்தார். ஒரு ஊசி, மூன்று நாள் மாத்திரை. அங்கிருந்த டாக்டர் சீட்டில் எண்பத்து நாலு என்று எழுதி, பக்கத்தில் ‘மருதாணி’ என்று போட்டுக் கையெழுத்திட்டார். நெஞ்சில் குழாய் வைத்துக்கூடக் கேட்கவில்லை.

நானாவது கேட்டிருக்க வேண்டாமா? பிளஸ் டூவில் பயாலஜி படித்தவள் நான். வீட்டுக்கு வந்து, எலுமிச்சம்பழமும் சோடா உப்புமாகப் பெரியம்மாவின் நகத்தைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் முழுக்க. பத்து விரலும். “தோலை உரிச்சிராதடி எழிலு, நாத்து பறிக்கணும்” என்று சொல்வதற்குள் அவர் இரண்டு தடவை மூச்சு இழுத்தார். நான் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடிந்தபோது உதடு நீலமாகியிருந்தது. 108-ஐக் கூப்பிட்டோம்.

தஞ்சாவூர் டாக்டரும் முதலில் நகத்தைத்தான் பார்த்தார். ஆனால் தோட்டைக் கழற்றச் சொல்லி, காது மடலில் மாட்டுகிற வேறொரு கிளிப்பைப் போட்டார். எழுபத்தெட்டு. விரலில் மாட்டினார். அதே எழுபத்தெட்டு. தப்பு மருதாணியில் இல்லை. ஆக்சிஜன், எக்ஸ்ரே, டிரிப்பில் மருந்து எல்லாம் அரை மணி நேரத்தில் நடந்தது. இரண்டு பக்கமும் நிமோனியா. அப்போதுதான் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

பதினோரு நாள் கழித்துப் பெரியம்மா வீட்டுக்கு வந்தார். இன்னும் வரப்பு ஏறினால் மூச்சு வாங்குகிறது. நகம் பாதி வெள்ளை, பாதி கறுப்பு. “முழுசா அழிஞ்சதும் அந்த நர்ஸம்மாகிட்ட போய்க் காட்டிட்டு வரலாம்டி, வரச் சொன்னாங்கல்ல” என்கிறார்.

இதைப் படிப்பவர்கள் உங்கள் ஊர் நடவுப் பெண்களிடம் சொல்லுங்கள். மிஷின் குறைவாகக் காட்டி, அதற்கு மருதாணிதான் காரணம் என்று யாராவது சொன்னால், “அப்ப காதுல வச்சுப் பாருங்க” என்று கேட்கச் சொல்லுங்கள். பார்க்கும்வரை பெஞ்சை விட்டு எழுந்திருக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.