நாங்களே அழித்த முதல் கேசட்

எங்கள் பாட்டுக் குழுப் பாடகனின் மனைவி என்னைத் தேடி மில்லுக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை, முதல் ஷிப்ட் விடுகிற நேரம். நான் கிளார்க்காக ஆஜர் பதியும் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றாள். உள்ளே வரச் சொன்னதற்குத் தலையை ஆட்டி மறுத்தாள். நான் எழுந்து வெளியே போனேன்.

"அண்ணே, அவிய ஆபரேசனுக்கு வரமாட்டேங்காவ. அடுத்த சனிக்கிழமைக்கு நாள் குறிச்சிருக்கு. இப்ப விட்டா பொறவு வெட்டியும் பிரயோசனம் இல்லன்னு டாக்டரு சொல்லிட்டாரு."

அவனுக்குத் தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்துவிட்டால் உயிர் தங்கும், குரல் போய்விடும். இப்போதே பாதி போயிருந்தது. பேசினால் காற்று மட்டும்தான் வந்தது.

"என்னதான் சொல்லுதான்?"

"என் குரலு எங்கயாவது ஒரு எடத்துல இருக்குன்னு காட்டு, கழுத்தக் குடுக்கேங்காவ. அந்த மொதக் கேசட்டு வேணுமாம். யார் யார்கிட்ட இருக்குன்னு நீங்க எழுதி வச்சிருப்பீயளாமே."

எழுதித்தான் வைத்திருந்தேன். பள்ளிக்கூடம் முடித்த வருடத்திலிருந்து ஒரு நாள் விடாமல் டைரி எழுதுகிறேன். அந்த டைரியில் இரண்டு பக்கத்துக்கு அறுபது பெயர்கள் இருந்தன. அதைவிட முக்கியமான ஒன்றும் அதில் இருந்தது. அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்கு எட்டு வருடம் முன்னால், எண்பதுகளில், ராஜபாளையத்தில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து குழு ஆரம்பித்தோம். நான்கு பேர் மில் ஆட்கள். டிரம்மர் மட்டும் சர்ச்சில் வாசித்துப் பழகியவன். அவனுடைய மாமா கப்பலில் வேலை பார்த்தார். அவர் கொண்டுவந்த கேசட்டுகளில் அமெரிக்கக் கறுப்பர்களின் ஆட்டப் பாட்டு இருந்தது. அதற்கு ஃபங்க் என்று பெயர் என்பதே பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதில் பேஸ் கிடார் முன்னால் நடக்கும், மற்றதெல்லாம் பின்னால் வரும். பேஸ் வாசித்தது நான். ஸ்டாப்பில் நிற்காத பஸ், கரண்ட் போன கல்யாண மண்டபம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வைத்து எட்டுப் பாட்டு எங்கள் தமிழில் கட்டினோம். சர்ச் ஹாலில் இரண்டு மைக் வைத்து நேரே பாடிப் பதிந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை ஒன்றில் அறுபது பிரதி எடுத்தோம். எட்டுப் பாட்டும் முடிந்து மிஞ்சிய நாடாவில், அது தீரும்வரை, கடைக்காரர் முதல் பாட்டையே மறுபடி ஏற்றியிருந்தார். மூலத்தை அந்தக் கடையிலேயே விட்டோம். பிறகு அந்தக் கடையே இல்லாமல் போனது.

எந்தக் கடைக்காரரும் கேசட்டை வாங்கவில்லை. "எந்தப் படம்னு கேப்பாவ. நான் என்னன்னு சொல்ல?" என்றார் ஒருவர். அப்போதுதான் நான் ஒரு யோசனை சொன்னேன். கேசட்டின் முதுகில் இரண்டு மூலையிலும் சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே வேறு எதையும் பதிய முடியாது. உடைக்க வேண்டாம் என்றேன். 'பாட்டுப் பிடிக்கலேன்னா இதுலயே வேற பதிஞ்சுக்கிடலாம்' என்று சொல்லிக் கொடுத்தோம். ஆளுக்கொன்று நாங்கள் வைத்துக்கொண்டது போக மற்றதெல்லாம் ஒரே வாரத்தில் போய்விட்டன. என் புத்திசாலித்தனத்தை டைரியில் நானே பாராட்டி எழுதியிருக்கிறேன்.

அதன் பிறகு கச்சேரிகள் வந்தன. எல்லோருக்கும் சினிமாப் பாட்டுத்தான் வேண்டியிருந்தது. புதுப் பாட்டை மேடைக்கு முன் பத்துத் தடவை ஓட்டிக் கேட்டுத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குக் கேசட் வேண்டும். கையில் இருந்தது எங்கள் கேசட்தான். என்னுடையதை எந்தக் கோயில் கொடைத் திருவிழாவுக்காக, எந்தக் கிழமை அழித்தேன் என்பது வரை டைரியில் இருக்கிறது. டிரம்மரும் மற்ற இருவரும் அழித்தார்கள். பாடகன் தன்னுடையதை மூன்று தடவை அழித்துப் பதிந்திருந்தான். அவளிடம் சொல்ல முடியாமல் போனது இதுதான்.

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

"ஏலே, உன் தங்கச்சி கல்யாண வீடியோவுல நீ மூணு பாட்டுப் பாடியிருக்க. அது ஆகாதா?"

திரும்பாமலே சொன்னான். காதை அவன் வாயருகே கொண்டுபோக வேண்டியிருந்தது. "அது யார் குரலுலே? அந்தப் படத்துல பாடினவரு குரலு. எட்டு வருசமா அவர மாதிரி, இவர மாதிரின்னு கைதட்டு வாங்கினேன். என்ன மாதிரி பாடினது அந்த எட்டுப் பாட்டுதாம்லே."

வெள்ளிக்கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பட்டியலோடு கிளம்பினேன். அறுபதில் பதினேழு பேர் ஊரிலேயே இல்லை. மற்றவர்களைப் பஸ்ஸிலும் டிரம்மரின் மோட்டார் சைக்கிளிலும் போய்ப் பார்த்தோம். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் டீக்கடைக்காரர் கேசட்டை உடனே எடுத்துத் தந்தார். அட்டையில் என் கையெழுத்து அப்படியே இருந்தது. உள்ளே பக்திப் பாட்டு. "நீங்கதான தம்பி பதிஞ்சுக்கிடச் சொன்னிய?" என்றார். சோழபுரத்தில் ஒருவர் எங்களைக் கம்மங்காட்டுக்கே கூட்டிப்போனார். குருவி விரட்ட நாடாவை உருவி வரப்பு நெடுகக் கட்டியிருந்தார். காற்றில் அது பளபளத்தது. "நல்லா அதிருது. ஒரு குருவி வராது" என்றார். டிரம்மர் சிரித்தான். எனக்கு அந்த வரப்பிலேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

தளவாய்புரத்தில் ஒரு தையல்காரர் கேசட்டைத் தர மறுத்துவிட்டார். அதில் செத்துப்போன அவருடைய அம்மா பேசியது பதிந்திருந்ததாம். கடைசிவரை ஓட்டிப் பார்க்கலாமா என்று கெஞ்சினேன். "எங்கம்மா பேச்ச எவனுக்கும் போட்டுக் காட்டமாட்டேன்" என்று கதவைச் சாத்தினார். அவர் செய்தது தப்பென்று எனக்குத் தோன்றவில்லை.

திங்கள், செவ்வாய் ஆபீசுக்குப் போனேன். ஒரு ஷிப்ட் முழுவதற்கும் ஆப்சென்ட் போட்டுவிட்டேன். பதினோரு வருட வேலையில் அதுதான் என் முதல் தப்பு. ஆட்கள் ஜன்னலில் கூடிச் சத்தம் போட்டார்கள். புதன்கிழமை டிரம்மர், "நான் பாடிப் பதிஞ்சு குடுத்திருதேன். சீக்குல கெடக்கவனுக்கு எங்க தெரியப் போவுது?" என்றான். நான் யோசித்தேன். வெட்கமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும்: அரைமணி நேரம் யோசித்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் சேத்தூர். பட்டியலில் ஐம்பத்து நான்காவது பெயர். மைக்செட் வைத்திருப்பவர். இரண்டு தகரப் பெட்டி நிறையக் கேசட் இருந்தது. எங்களுடையதில் கல்யாண வீட்டுக்குப் போடுகிற நாதஸ்வரம் இரண்டு பக்கமும் பதிந்திருந்தது.

"நிப்பாட்டாதீய, முடிவு வரை ஓடட்டும்" என்றேன்.

"தாலி கட்டி முடிஞ்சதும் நான் நிப்பாட்டிருவேன். அதுக்குமேல என்ன இருக்குன்னு யாரு கேட்டா?" என்றார்.

இரண்டாம் பக்கத்தில் நாதஸ்வரம் ஓய்ந்தது. செத்த நேரம் இரைச்சல். பிறகு டிரம். பிறகு என் பேஸ், தப்பாக. உடனே அவன் குரல்: "நில்லு, நில்லு. ஏலே கிளார்க்கு, உன் வெரலு லீவு போட்டிருக்கா?" எல்லோரும் சிரிக்கிற சத்தம். வெட்டி ஒட்ட வழியில்லாததால் அதையும் அன்று அப்படியே விட்டிருந்தோம். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. பாட்டு ஆரம்பித்தது. மூன்றாவது வரியில் நாடா தீர்ந்தது.

அவ்வளவுதான் மிச்சம். டிரம்மர் மைக்செட்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

மறுநாள் காலை பாடகனின் தலைமாட்டில் டேப்பை வைத்தேன். எட்டுப் பாட்டு கேட்டவனுக்கு மூன்று வரி. இரண்டு தடவை பட்டனை மாற்றி அழுத்தினேன். அவன் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

அவன் ஒரு தடவை கேட்டான். இன்னொரு தடவை என்று விரலால் காட்டினான். மூன்றாவது தடவை முடிந்ததும் எழுந்து உட்கார்ந்தான்.

"சுதி எறங்கியிருக்குலே."

நான் டேப்பை நிறுத்தினேன்.

"ரெண்டாவது வரில நல்லாவே எறங்கியிருக்கு. நான் என்னமோ தங்கம்னுல்லா நெனச்சுக்கிட்டு இருந்தேன்." அவள் பக்கம் திரும்பினான். "ஏட்டி, இதா என் குரலு?"

"பாட்டு எனக்குத் தெரியாது" என்றாள். "அதுக்கு முன்ன இந்த அண்ணன ஏசுதியள்லா, அது நீங்கதான். தெனமும் நான் வாங்குத ஏச்சுதான."

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. வாயைத் துடைத்துக்கொண்டு, மதுரைக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று கேட்டான். கேசட்டால் சம்மதித்தானா, அது அவன் நினைத்த அளவுக்கு இல்லாததால் சம்மதித்தானா என்று எனக்குத் தெரியாது. அன்றைய பக்கத்தில் இரண்டையும் எழுதி, எதையும் அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை வார்டில் நர்ஸ் ஒரு தாளோடு வந்தார். பெயர் கேட்டார். சொன்னான். அப்பா பெயர் கேட்டார். சொன்னான். நர்ஸுக்குக் கேட்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். அவன் என் முழங்கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, மூச்சை இழுத்து, கழுத்து நரம்பு புடைக்க, அப்பா பெயரை அவனே மறுபடி சொன்னான். பிறகு ஸ்ட்ரெச்சர் வந்தது.