மூலமென்று நம்பிய குடும்பம்

அருமைநாயகியின் தகப்பனுக்கு மலத்தோடு இரத்தம் போனது. மூத்த அண்ணன் ஏரம்புவுக்கும் போனது. மூலம் என்று நம்பிப் பரியாரியாரிடம் லேகியம் வாங்கினார்கள், கருணைக்கிழங்கு தின்றார்கள், காரத்தை விட்டார்கள். இருவரும் நாற்பத்தைந்தைக் காணாமலே எலும்பும் தோலுமாகிப் போய்ச் சேர்ந்தார்கள். ஏரம்புவைக் கடைசியில் கொண்டுபோன ஆசுப்பத்திரியில்தான், இது மூலமில்லை, குடலில் புற்று என்றார்கள். செய்ய ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டு, ஏரம்புவின் ஆண்டுத் திவசம் முடிந்த கையோடு அருமைநாயகிக்கும் இரத்தம் கண்டது. ஆளோ, நீர்வேலித் தோட்டத்திலிருந்து வாழைக்குலையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தால் ஆண்பிள்ளைகளே பின்தங்கும் உடம்பு. நோவில்லை, மெலிவில்லை. வாய் திறவாமல் கொஞ்சநாள் யோசித்தாள். பிறகு நல்ல சேலையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு மிஷன் ஆசுப்பத்திரிக்குத் தனியே போனாள்.

அங்கே டொக்டர் ஸ்ரெல்லா அம்மா குடும்பத்துக் கதையை முழுக்கக் கேட்டார். விளக்குப் பூட்டிய குழாயொன்றை மெல்ல உள்ளே செலுத்திப் பார்த்தார். அருமைநாயகி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

"மலக்குடல் சுவரிலை காம்போடை இரண்டு சதைமுளை இருக்குது."

"அண்ணைக்கு வந்ததோ அம்மா?"

"இது இப்ப புற்றில்லை. எல்லா முளையும் புற்றாகிறதுமில்லை. ஆனால் சிலது வருஷக்கணக்கிலை வளந்து புற்றாய் மாறும். உங்கடை அண்ணைக்கும் அப்பிடித்தான் துவங்கியிருக்கும் எண்டு நினைக்கிறன். இப்பவே எடுத்துப்போட்டால் இந்த இரண்டும் மாற வழியில்லை."

"அப்ப எடுங்கோ."

சூடேற்றிய கம்பியால் டொக்டர் இரண்டையும் காம்போடு கருக்கி எடுத்தார். குழாய் எட்டாத மேற்குடலும் உண்டு, புதிதாக முளைக்கவும் கூடும், ஆகையால் ஆண்டுதோறும் வரவேண்டும் என்றார். சில குடும்பங்களில் இது வழிவழியாக வரும். கூடப்பிறந்தவர்களையும் அனுப்பச் சொன்னார்.

மிச்சமிருந்த கூடப்பிறப்பு தம்பி தியாகலிங்கம் ஒருவன்தான். அவன் வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றான். சேதியைக் கேட்டதும் முகத்தைத் திருப்பினான்.

"உந்தக் கதையை விடு அக்கா. சனம் சிரிக்கும்."

"இரத்தம் போகுதோ இல்லையோ? அதைச் சொல்லு."

அவன் குனிந்து மண்வெட்டியால் அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பினான். "எப்பவாவது."

"எங்கடை ஐயாவும் எப்பவாவது எண்டுதான் சொன்னவர்." பக்கத்துத் தோட்டத்தில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்றே அவள் குரலை உயர்த்தினாள். "சனம் என்னைப் பாத்துச் சிரிக்கட்டும். நான் போய்க் கிடந்தனான், டொக்டரம்மா முளையை எடுத்தவ, வந்து குலை சுமக்கிறன். நாளைக்கு வெளிக்கிடு. நானும் வாறன்."

அவனுக்கு இருந்தது ஒன்றுதான்; ஆனால் பெரிது. எடுத்துக் கொழும்புக்கு அனுப்பிச் சோதித்தபோது, அதன் நுனியில் புற்று தொடங்கியிருந்தது. காம்புக்குள் இன்னும் இறங்கவில்லை; எடுத்ததே போதும் என்றார் டொக்டர். அதைக் கேட்ட தியாகலிங்கம் ஆசுப்பத்திரி விறாந்தையில் அக்காவின் கையைப் பிடித்தான். சின்ன வயதுக்குப் பிறகு அவன் அப்படிப் பிடித்தது அன்றைக்குத்தான்.

அதன்பிறகு ஆண்டுதோறும் இருவரும் சேர்ந்தே போனார்கள். அருமைநாயகிக்கு இன்னொரு தடவை சின்னதாக ஒன்று முளைத்தது, அதையும் எடுத்தார்கள். போகும் வழியில் யாராவது எங்கே பயணம் என்று கேட்டால், அவள் மழுப்பாமல் பதில் சொன்னாள். ஊர்ப் பெண்கள் சிலர் வாசற் படலையடியில் வந்து நின்று மெதுவாக விசாரிக்கத் தொடங்கினார்கள்.

தகப்பன் செத்த வயதைத் தியாகலிங்கம் தாண்டிய ஆண்டு, ஏரம்புவின் மகள் குணலட்சுமியையும் அவர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, அடுத்த ஆண்டும் வரட்டும் என்றார் டொக்டர். அன்றைக்கு பஸ்ஸில் அருமைநாயகி அண்ணன் மகளை யன்னலோரம் இருத்திவிட்டு, பின்னால் இருந்தவர்களிடம் ஆசுப்பத்திரிக் கதையை வழி முழுக்கத் தலைநிமிர்ந்து கதைத்துக்கொண்டு வந்தாள்.