துண்டு போட்ட சீட்

திருவண்ணாமலை அரசு மருத்துவமனையில், ரத்த அழுத்த மாத்திரை வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் பஸ் கண்டக்டர். காக்கிச் சட்டை, கண்ணுக்குக் கீழே தூக்கம் கெட்ட கருமை. வரிசை நின்றபோதெல்லாம் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து நாடியை எண்ணினார்.

"இந்த மாத்திரையால ஒரே அசதிங்க. நாலு நாளா நிறுத்திட்டேன். இப்ப நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்றேன்.

"பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துல பஸ் ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட் புடிக்கிறாங்கல்ல? மாத்திரை அந்தத் துண்டுதாங்க. பயம், கோவம் வந்தா அட்ரினலின்னு ஒண்ணு ஊறும். அது இதயத்துல இருக்குற சீட்டுல உக்காந்தாதான் வேகமா அடிக்கும். துண்டு கெடந்தா அது உக்கார எடமில்லாம நிக்கும். நீங்க ஒரேயடியா துண்டை எடுத்துட்டீங்க, நின்னதெல்லாம் பாயுது. டாக்டரைக் கேட்டுதான் கம்மி பண்ணணும்."

"உங்களுக்கு அசதி இல்லையா?"

"ஜாஸ்திங்க." மறுபடி நாடியைப் பிடித்தார். "போன மாசம் பொண்ணுக்கு வேலை கெடைச்சிச்சுன்னு போன் வந்துச்சு. அப்பவும் எண்ணிப் பார்த்தேன். அறுபத்திரண்டுதான். சந்தோஷமும் சீட் கெடைக்காம நின்னுக்கினேதாங்க வந்துச்சு."

மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டார். நான் டாக்டரிடம் உண்மையைச் சொல்லி, மறுபடி மாத்திரை போட ஆரம்பித்தேன்.

மகளுக்கு வேலை கிடைத்த சேதி வந்த நேரத்தில் போய் மனிதர் ஏன் நாடியை எண்ணினார் என்று வெகுநாள் புரியவில்லை. போன வாரம், வீட்டை விட்டுப் போன என் மகன் இரண்டு வருஷம் கழித்து வந்து வாசலில் நின்றான். என் விரல் தானாக மணிக்கட்டுக்குப் போயிற்று.