ரிதம் மெஷினும் அப்பாவின் தப்பட்டையும்

பஞ்சு வாசம்... எங்கள் ஸ்டூடியோ என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

தொண்ணூறுகளின் நடுவில், கோயமுத்தூர் சிங்காநல்லூரில் ஒரு வாடகை வீடு. சத்தம் வெளியே போகக்கூடாது என்று, அப்பா வேலை பார்த்த மில்லிலிருந்து வேஸ்ட் பஞ்சு வாங்கி, சாக்குகளில் அடைத்து, பின்னறைச் சுவரெல்லாம் தொங்கவிட்டிருந்தோம். உள்ளே ஒரு ஃபோர் டிராக் ரிக்கார்டர், நண்பன் ஸ்டீபனின் கீபோர்டு, செகண்ட் ஹேண்டில் கிடைத்த ஒரு ரிதம் மெஷின்.

நான் மற்ற நாட்களில் மோட்டாருக்குக் காயில் கட்டுவேன். ஸ்டீபன் ஒரு ஸ்கூலில் மியூசிக் சார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு பேரும் மியூசிக் டைரக்டர்கள்!

எங்களுக்குள் தீராத சண்டை டிரம்ஸுக்காகத்தான். டிரம் செட் வைக்க இடமில்லை, வைத்தாலும் அதற்கேற்ற மைக் இல்லை. மெஷினில் சத்தம் சுத்தமாக வரும். ஆனால் அதில் பதிந்திருக்கும் தாளத்தை ஓடவிட்டால் எல்லா அடியும் ஒரே மாதிரி விழும். "உசுரே இல்லடா" என்பான் ஸ்டீபன். சூட்கேஸ், தண்ணீர்க் குடம், தொடை... எல்லாவற்றையும் அடித்துப் பார்த்துவிட்டோம்.

அப்போதுதான் முதல் ஆர்டர் வந்தது. கோயில் திருவிழாவுக்கு ஒரு கேசட்.

கொண்டுவந்தவர் அன்னூர்ப் பக்கம் எங்கள் பழைய ஊர்ப் பண்ணையக்காரர். அவர்களுடைய தோட்டங்காட்டில் கூலி வேலை செய்தவர் அப்பா. ஊரில் சாவு விழுந்தால் தப்பட்டை அடிக்கவும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். காய்ச்சலாகக் கிடந்தாலும் போயே ஆகவேண்டும். கோயமுத்தூர் வந்த பிறகு அப்பா அதைத் தொட்டதே இல்லை.

பண்ணையக்காரர் உள்ளே நுழைந்ததும் அப்பா நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். எங்கள் வீட்டில், அப்பாவின் நாற்காலியை விட்டு.

மெஷினைப் போட்டுக் காட்டினோம். அவருக்குப் பிடிக்கவில்லை.

"என்னப்பா டப்பாச் சத்தமாட்ட இருக்குது? ஏ ரங்கா, நீ அடிச்சா ஊரே ஆடுமே. நீயே அடிச்சுப்போடு."

அப்பாவைவிட அவர் பத்து வயது இளையவர்.

"அத வுட்டு ரொம்ப வருசமாச்சுங்க" என்றார் அப்பா.

"ஒரு நாளைக்குத்தானப்பா" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிவிட்டார்.

ஸ்டீபனுக்குப் பழைய கதை எதுவும் தெரியாது. "கேட்டுப்பாருடா, நெசமான சத்தம் கெடைக்குமே" என்றான்.

எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன்... இதை எழுதும்போதுகூடக் கூச்சமாக இருக்கிறது.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை தட்டிலேயே நின்றது.

"சரி கண்ணு. உனக்கோசரம் அடிக்கறேன்."

அடுத்த ஞாயிறு விடிகாலையில் பஸ் ஏறி ஊருக்குப் போனார். ஒரு சொந்தக்காரரிடம் தப்பட்டையை இரவல் வாங்கிக்கொண்டு, பத்து மணிக்குத் திரும்பி வந்தார். அதை ஒரு பெட்ஷீட்டில் சுற்றி அக்குளில் இடுக்கியிருந்தார். எங்கள் தெருவில் அவர் எல்லோருக்கும் ரங்கண்ணன். வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

பின்னறையில் சாக்குகளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"சத்தம் வெளிய போகாதில்ல கண்ணு?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"வேண்டாங்கப்பா. மெஷின்லயே பண்ணிக்கறோம்."

"ஆர்டர் போயிருமே?"

"போனாப் போகுதுங்க."

அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ரொம்ப நேரம் துண்டை எடுக்கவேயில்லை. ஸ்டீபனை வெளியே அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். "மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாடா?" என்று திட்டினான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

அன்று மதியமே தப்பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார் அப்பா. சாயங்காலம், கூப்பிடாமலே ஸ்டூடியோவுக்குள் வந்தார்.

"இத எப்படி அமுத்தறது?"

மெஷினில் இருந்த ரப்பர் பேடுகளைக் காட்டினேன். இரண்டு விரலால் தட்டினார். திடுக்கிட்டுக் கையை எடுத்தார். சிரித்தார். மறுபடி தட்டினார்... ஓர் அடி பலமாக, அடுத்தது லேசாக, நடுவில் கொஞ்சம் இழுத்து. ஸ்டீபன் பேசாமல் ரிக்கார்ட் பட்டனை அமுக்கினான்.

கேசட்டைக் கேட்ட பண்ணையக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். வேறெங்கோ செய்துகொண்டார். எங்களுக்கு அது பெரிய வருத்தமாகவே இல்லை.

இன்று என் லேப்டாப்பில் ஆயிரம் டிரம் சத்தங்கள் இருக்கின்றன. தப்பட்டையும் உண்டு, ஒரே கிளிக். காலேஜில் படிக்கும் என் மகள் நிஜத் தப்பட்டையையே வாசிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். பறை என்றுதான் சொல்கிறாள். போன மாதம் மேடையில் அடித்தாள். அரங்கம் முழுக்க எழுந்து கைதட்டியது.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள். "ஸ்டூடியோவே வெச்சிருந்தீங்க. தாத்தா பறை அடிச்சது ஒண்ணுகூட ரிக்கார்டிங் இல்லீங்களாப்பா?"

நடந்ததைச் சொன்னேன்.

"இப்ப இருந்திருந்தா எங்கூட அடிச்சிருப்பாருங்களா?"

"தெரியலியே கண்ணு" என்றேன்.

உண்மையிலேயே தெரியாது. அடித்திருக்கலாம், கேட்டுக்கொண்டு மட்டும் இருந்திருக்கலாம். ஆனால் இந்தத் தடவை நான் அவரை அடிக்கச் சொல்லிக் கேட்டிருக்க மாட்டேன்.