கணுக்காலில் மணல் பை

அடிபட்ட காலில் பாரம் கட்டுவதும் ஒரு வைத்தியம்தான் என்றால், பிள்ளை பெற்ற உங்களில் யார்தான் நம்புவீர்கள்? எண்பதுகளில் விழுப்புரத்தில் ஒரு பிசியோதெரபி டாக்டரிடம் உதவிக்கு இருந்தேன். எட்டாவது படித்த எனக்கு மணல் பை தைப்பதும், அதை நோயாளி கணுக்காலில் கட்டுவதும், கட்டும்போது மயிலம் முருகனைக் கூப்பிடுவதும்தான் வேலை. என் பிள்ளைகள் அப்போதே வளர்ந்து வெளியூர் போய்விட்டிருந்தார்கள். நினைத்து நினைத்துப் பயப்பட எனக்கு இங்கே வேறு பிள்ளைகள் கிடைத்தார்கள்.

தரையில் படாத கால்

கிளியனூர் தனசேகர் கபடி ஆடுகிறவன். முழங்காலில் அடி. மாவுக்கட்டு பிரித்த பிறகும் அவன் அம்மா காலை ஊன்ற விடவில்லை. திண்டிவனத்தில் பஸ் மாறும்போதுகூட அண்ணன் முதுகில்தான். டாக்டர் இரண்டு தொடையையும் டேப்பால் அளந்தார். அடிபட்ட காலின் தொடை மட்டும் இளைத்துக் கிடந்தது. தை பிறந்தால் போலீஸ் கபடி அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், விட்டால் இவனுக்கு வயசு தாண்டிவிடும். இன்றைக்கே பாரம் தூக்கட்டும் என்றார். நான் பையோடு குனிந்தபோது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நிக்கவே நடுங்கற காலுல மணலைக் கட்றீங்களே, நீங்களும் புள்ள பெத்தவங்கதானே?"

சும்மா இருக்கும் நாள்

பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். ஒரு நாள் தூக்கினால் மறுநாள் சும்மா இருக்கணும் என்பது டாக்டர் உத்தரவு. கபடி ஆடுகிற பையன்களிடம் சும்மா இருக்கிறவனுக்குச் சோம்பேறி என்றுதான் பேராம். இவன் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டைச் சாக்கைக் கிழித்துத் தானே ஒரு பை தைத்து, வீட்டில் தினமும் தூக்கியிருக்கிறான். முழங்கால் பூசணிக்காயாக வீங்கி வந்து நின்றான். போலீஸ் அணித் தேர்வு போச்சு என்று நினைத்தபடி ஐஸ் எடுக்க ஓடினேன். டாக்டர் ஐஸ் வைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்.

"தூக்கும்போது பலம் ஏறாது தம்பி. தூக்கிட்டுத் தூங்கற பாரு, அப்பதான் ஏறும்."

பெஞ்சு

வீக்கம் வடிந்து, தொடையும் தேறியது. கடைசியாக, பெஞ்சிலிருந்து குதித்து அடிபட்ட காலில் ஆடாமல் நிற்கணும். நின்றால்தான் ஆட அனுப்புவேன் என்றார் டாக்டர். அவன் ஏறினான். குதிக்கவில்லை. முகமெல்லாம் வேர்த்தது. நான் கீழே இரண்டு கையையும் நீட்டி, முருகா முருகா என்று முணுமுணுத்தபடி நின்றேன்.

"அம்மா, நீங்க கைய நீட்டிக்கினு நிக்கறதப் பாத்தாத்தான் உழுந்துடுவேன்னு தோணுது. கொஞ்சம் வெளிய போய் கும்பிடுங்களேன்."

போனேன். கதவுக்கு அந்தப் பக்கம் தொப்பென்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. கதவைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அப்புறம் டாக்டர் குரல் கேட்டது.

"ம், நின்னுட்ட. இன்னொரு தடவ குதி."

எத்தனையோ கால்களுக்குப் பலம் ஏற்றிய அந்த அறையில், கதவுக்கு வெளியே நிற்கிற அம்மாக்களின் நடுக்கத்துக்கு மட்டும் ஒரு பயிற்சியும் இருந்ததில்லை.