பிந்தி விழுந்த பொறி

யாக்கூபுக்குப் பொதுவாகவே மனிதர்களைப் பிடிக்காது. பழைய மோட்டார் சைக்கிளை வைத்துக்கொண்டு அலட்டுகிற மனிதர்களை அறவே பிடிக்காது. யாழ்ப்பாணம் ரவுனுக்குள் சின்னதாக மோட்டார் சைக்கிள் திருத்துகிற கராச் ஒன்று வைத்திருந்தான். வேலை சுத்தம், வாய்தான் அசுத்தம் என்று பெயரெடுத்தவன். பைக்கின் ஹோர்ன் சத்தம் சரியில்லை என்று வந்த ஒரு வங்கி மனேச்சரிடம், "ஹோர்னை விடும், முதல் உம்மடை ஓட்டத்தைத் திருத்தும்" என்று சொல்லி அனுப்பியவன். அந்த மனேச்சர் திரும்பவும் அவனிடமே வந்தார். அதற்காகவும் யாக்கூப் அவரை மதிக்கவில்லை.

போன ஆவணியில் வட்டுக்கோட்டையிலிருந்து சுபாஸ்கரன் வந்தார். வெள்ளை வேட்டி, கழுத்தில் தடித்த சங்கிலி. பின்னால் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் நாலு கயிறு போட்டுக் கட்டிய ஒரு பழைய இங்கிலீசு மோட்டார் சைக்கிள். மேளமும் நாதஸ்வரமும்தான் குறை.

"தம்பி, இது எங்கடை அப்பு எழுபத்தெட்டிலை வாங்கினது. எண்பத்தஞ்சுக்குப் பிறகு ஒருதரும் தொடேல்லை. ஹோலுக்குள்ளை வைச்சுச் சாமியைப் போலப் பாத்தவர்."

"சாமிக்கு என்ன வருத்தம்?"

"ஸ்ராட் வருது. ஆனா இழுவை இல்லை. முக்கித்தான் போகுது. கொஞ்சம் ஓடினா சைலன்சர் குழாய் சிவக்குது. இடைக்கிடை வெடி வேறை. ரெண்டு பேர் பாத்து இக்னிசன் கொயிலும் மாத்தி, காபரேற்றரும் மாத்திப்போட்டாங்கள்."

"தலையை மாத்தேல்லையோ?"

சுபாஸ்கரன் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். மகள் கஜானிக்குக் கலியாணமாம். மாப்பிள்ளை இதில்தான் மண்டபத்துக்கு வந்து இறங்குவாராம். மேலே ட்ரோன் பறந்து படம் எடுக்குமாம். நடந்து வந்தால் ஐந்து நிமிசத்தில் வந்துசேரக்கூடிய மாப்பிள்ளையை, நெருப்பாய்ச் சுடும் இரும்பில் ஏற்றிப் படம் பிடிக்கிற இந்தச் சனத்தை என்னவென்று சொல்வது! யாக்கூப் காறித் துப்பிவிட்டு, "வெள்ளிக்கிழமை வாங்கோ" என்றான்.

கோளாறு என்னவென்று அவனுக்குக் கேட்டவுடனேயே விளங்கிவிட்டது. பிஸ்டன் உச்சிக்கு வந்துசேர முதலே பிளக்கில் நெருப்புப் பொறி விழவேண்டும். இதில் பிந்தி விழுகிறது. பிளக்கைக் கழற்றி, அந்தத் துளைக்குள் ஒரு சைக்கிள் கம்பியை விட்டு, சக்கரத்தை மெல்ல உருட்டி உச்சியைப் பிடித்தான். பொறியை விடுகிற பொயின்றுக்கு இடையில் சிகரெட் தாளைச் செருகி இழுத்தபடி மறுபடி உருட்டினான். தாள் வழுக்கி வந்தபோது, அதாவது பொறி விழுகிற கணத்தில், பிஸ்டன் ஏறக்குறைய உச்சியிலேயே நின்றது. தேய்ந்து கெட்டதல்ல. யாரோ வேண்டுமென்றே திருப்பி, இறுக்கிப் பூட்டியிருந்தார்கள்.

எதற்கென்றும் அவனுக்குத் தெரியும். சண்டையால் பெற்றோல் வராத தொண்ணூறுகளில் இந்தக் குடாநாடே மண்ணெண்ணெயில் ஓடியது. மண்ணெண்ணெய்க்கு எஞ்சின் தட்டாமலிருக்க இப்படித்தான் பொறியைப் பிந்தவிடுவார்கள். அப்படியென்றால் எண்பத்தைந்துக்குப் பிறகு ஒருதரும் தொடவில்லை என்பது பச்சைப் பொய்.

பொய்க்காரன் என்று முணுமுணுத்துக்கொண்டு பொயின்ற் மூடியை எடுத்துத் துடைத்தான். மூடியைப் பிடித்திருந்த கிளிப் கொம்பனிச் சாமான் அல்ல. தையல் மெசினில் பொபினை மூடுகிற பளபளத் தகட்டை வெட்டி வளைத்தது. அந்தத் தகட்டை அவனுக்குத் தெரியும்.

அவனுடைய வாப்பா தையற்காரர். தன் மோட்டார் சைக்கிளின் கொம்பனிக் கிளிப் தொலைந்த நாளில், கடை மெசினின் தகட்டைக் கழற்றி வெட்டியவர். உம்மா அஸீஸா ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை. தொண்ணூறாம் ஆண்டு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளிக்கிடு என்று யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு ஆயுத இயக்கம் சொன்ன அன்று, இந்த மோட்டார் சைக்கிள் வீட்டு முற்றத்தில் நின்றது. யாக்கூபுக்கு எட்டு வயது. பிறகு புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் இருந்துகொண்டு வாப்பா வீட்டைப் பற்றிக் கதைக்கமாட்டார், கடையைப் பற்றிக் கதைக்கமாட்டார். இதைப் பற்றித்தான் கதைப்பார். பிள்ளைகளுக்குச் சோறில்லை, இந்த மனிசனுக்கு மோட்டார் சைக்கிள் கேட்குது என்று யாக்கூப் பல்லைக் கடிப்பான். அந்த வெறுப்பு, வாப்பா மௌத்தாகி மண்ணுக்குள் போய், சண்டை முடிந்து உம்மாவோடு ஊர் திரும்பிய பிறகும் ஆறவில்லை.

இப்போது அந்த இரும்பு அவன் முன்னால் நின்றது. அவனுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. களவெடுத்ததுகூடப் பரவாயில்லை, அதற்கு ஒரு அப்புவையும் வாங்கிய வருசத்தையும் சோடித்து வைத்திருக்கிறாங்களே! பொறியை முன்னுக்குத் திருப்பி, தாளை விட்டுப் பார்த்து, திருகாணிகளை முறுக்கினான்.

வெள்ளிக்கிழமை சுபாஸ்கரன் வந்து நின்றார். யாக்கூப் ஒரே உதையில் ஸ்ராட் பண்ணினான். எஞ்சின் நிதானமாய் அடித்தது.

"அப்பு இருந்தா உச்சி குளிர்ந்திருப்பார்!" என்றார் சுபாஸ்கரன்.

"அப்புவுக்கு இது எங்கை கிடைச்சது?"

"சொன்னனே தம்பி, எழுபத்தெட்டிலை..."

"எழுபத்தெட்டிலை இது என்ரை வாப்பாடை. தொண்ணூறிலையும் அவரின்ரைதான். இந்தா, இந்தத் தகடு எங்கடை தையல் மெசினிலை இருந்து வெட்டினது. இப்ப சொல்லும்."

சுபாஸ்கரன் குனிந்து தகட்டைப் பார்த்தார். "யாரோ கொண்டந்து வித்தது எண்டுதான்... நான் அப்ப சின்னப் பெடியன்..."

"முதல் சாமியெண்டீர். இப்ப யாரோ வித்ததெண்டுறீர்."

"தம்பி, கலியாணம் முடியட்டும். பிறகு இருந்து கதைப்பம். ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டன்."

"ஊருக்கு இன்னொரு பொய் சொல்லும். பழக்கம்தானே."

அவரை ஓரமாய்த் தள்ளிவிட்டு, யாக்கூப் ஏறி இருந்தான். திறந்து கிடந்த கராச்சுக்குள் சுபாஸ்கரனை விட்டுவிட்டு, தெருவில் இறங்கி, நேரே வீட்டுக்குப் போனான்.

உம்மா வாசலுக்கு வந்தாள். கிட்டப் போகவில்லை. எஞ்சினை நிறுத்தப் போனவனிடம், "கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்றாள். பிறகு சொன்னாள்: "வாப்பா கடைசியிலை படுக்கையிலை கிடந்து இந்தச் சத்தத்தைத்தான் வாயாலை போட்டுக் காட்டினவர். நீ சிரிச்சனி."

யாக்கூப் எஞ்சினை நிறுத்தாமல் விட்டான். சிரித்தது உண்மைதான்.

சுபாஸ்கரன் பொலிசுக்குப் போகவில்லை. போனால், அப்புவுக்கு இது எப்படி வந்ததென்று அங்கேயும் சொல்லவேண்டும். மாப்பிள்ளை வாடகைக் காரில் வந்து இறங்கினாராம்.

யாக்கூப் அதை விற்கவுமில்லை, பெயின்ற் அடிக்கவுமில்லை. தண்ணியைப் போல் பெற்றோல் குடிக்கிறது, நின்ற இடமெல்லாம் ஒயில் ஒழுக்குகிறது என்று திட்டித் திட்டியே ஓடுகிறான். போன மாதம் கொடிகாமம் சந்தைக்கு முன்னால் ஒருவர் ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"அண்ணை, எத்தினையாம் ஆண்டு மொடல்? ஒரு படம் எடுக்கட்டோ?"

"உமக்கு வேறை வேலை இல்லையோ? விலகும்" என்று சொல்லி, அவர் மேல் முழுப் புகையையும் விட்டுவிட்டுப் போனான்.